தண்ணி வந்துடுச்சா?

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டாள். காலை ஆறு மணிக்குத் திருச்சியில் புறப்பாடு. தஞ்சாவூர் ஊருக்குள் போகாமல் புறவழிச்சாலை. எட்டரைக்கு மன்னார்குடி, ஒன்பதரைக்கு முத்துப்பேட்டை, பத்து மணிக்கு ஜாம்பவானோடையில் படகு, ஒரு மணிக்குச் சாப்பாடு. மூன்று மணிக்குத் திரும்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு. கைப்பேசியில் நீலக்கோட்டை இழுத்துக் காட்டி, "மூணரை மணி நேரந்தாம்மா. ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம். நீ சும்மா உக்காந்து வந்தா போதும்" என்றாள்.

எனக்கு அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நல்ல கோடுதான். குழி இல்லாத ரோடாகப் பார்த்துப் போட்டிருந்தாள். ஆனால் வழியில் வருகிற ஆறு வாய்க்கால் ஒவ்வொன்றையும் அது குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அப்பா போட்ட வழி அப்படி இருக்காது. முடிந்த இடத்திலெல்லாம் ஆற்றோடு கூடவே போகும்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். முத்துப்பேட்டைக்கு வடக்கே, பாமணியாற்றங்கரையில் ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்தவர். ரயில்வேக்காரருக்குப் பாஸ் உண்டு. கல்யாணம், சாவு, காதுகுத்து எதற்கும் நாங்கள் ரயிலில்தான் ஊருக்குப் போவோம். தஞ்சாவூர் வழியாகத் திருவாரூர், அங்கே மாறி உட்கார்ந்தால் திருத்துறைப்பூண்டி, அதற்கப்புறம் முத்துப்பேட்டை. அந்தத் தடத்தின்மேல் அப்பாவுக்குத் தனிப் பெருமிதம். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் அந்தப் பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. ஜில்லா மக்களிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில் போட்ட ரயில் பாதை. "நம்ம பாட்டன் குடுத்த காசும் அந்தத் தண்டவாளத்துல கெடக்குது" என்பார்.

இவ்வளவும் இருக்க, வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அம்பாசடர் கார் வாடகைக்குப் பிடித்து எங்களை ஊருக்குக் கூட்டிப் போவார். அதற்கென்றே மாதம் தவறாமல் ஒரு சீட்டுக் கட்டினார். அம்மாவுக்கு இது நெடுநாள் மனத்தாங்கல். பாஸ் பெட்டிக்குள் சும்மா கிடக்க, சீட்டுப் பணத்தை எடுத்து டாக்சிக்காரரிடம் எண்ணிக் கொடுப்பதை எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? அப்பா வாதாட மாட்டார். ஒரே ஒரு தடவை, அம்மா ரொம்பவும் கேட்டபோது, "ரயிலு தண்ணி போற வழியில போவாது" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கும். அந்தப் பதில் எனக்குப் புரிந்ததா என்று தெரியாது. மறக்கவில்லை, அவ்வளவுதான்.

திட்டம் போடுவது அவருக்கு ஒரு மாத வேலை. நீளவாட்டில் திறக்கிற கணக்கு நோட்டு ஒன்றை அதற்காக வைத்திருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்து விரித்துக்கொள்வார். காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். அதில் ஊர்களைவிட மதகுகளும் ஆட்களும்தான் அதிகம். 'கல்லணை, 5.30, இட்லி' என்று முதல் வரி. 'தென்பெரம்பூர், இறங்க வேண்டாம், வண்டியை மெதுவாக விடச் சொல்லவும்.' 'நீடாமங்கலம் மூணாறு தலைப்பு, லஸ்கரைப் பார்க்கணும், வெற்றிலை ஒரு கவுளி.' 'மன்னார்குடி, அக்கா வீடு, காப்பி மட்டும். இலை போட விடக் கூடாது.' ஒவ்வொரு வருஷமும் அந்த வரி அப்படியே இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அத்தை இலை போட்டுவிடுவாள்.

முக்கொம்பு அந்த நோட்டில் கிடையாது. அது திருச்சிக்கு மேற்கே, நாங்கள் போக வேண்டியது கிழக்கே. ஆனாலும் பயணம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று அப்பாவுக்கு இருந்தது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம் அல்லவா? அதனால் முந்தின ஞாயிற்றுக்கிழமையே டவுன் பஸ்ஸில் எங்களை முக்கொம்புக்குக் கூட்டிப் போய்விடுவார். மேலணையில் நிற்க வைத்து, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது என்று சொல்லி, மதகுகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்வார். கொள்ளிடத்துப் பக்கம் 45. நான் எப்போதும் 44இலோ 46இலோ போய் நிற்பேன். "சரியா எண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழம இந்தத் தண்ணிக்குப் பின்னாலதான் போவப் போறோம்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் பெரிய கேள்வி. விடுமுறை பார்த்தோ, நல்ல நாள் பார்த்தோ அப்பா அதை முடிவு செய்ததில்லை. ஜூன் 12இல் மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தால், நோட்டைக் கீழே இறக்குவார். மேட்டூர்த் தண்ணீர் கல்லணை வந்துசேர மூன்று நாலு நாள். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வருவதுதான் நெடும் பயணம். மேட்டுக்காரர்கள் பாய்ச்சி, இடையில் உள்ளவர்கள் பாய்ச்சி, முறை வைத்து முறை மாறி, மதகு மதகாக இறங்கி, கடைசியில் மிஞ்சியது எங்களுக்கு. கடைமடை என்றால் பந்தியில் கடைசி இலை மாதிரி. பாயசம் வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் வரும்.

அதனால் அப்பா பெரியப்பாவுக்கு ஒரு இன்லாண்டு கடிதம் போடுவார். நலம் நலமறிய எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். அப்புறம் ஒரே கேள்வி: தண்ணி வந்துடுச்சா? பெரியப்பாவின் பதில் கார்டில் வரும். கணுக்கணுவான, மேல்நோக்கி ஏறுகிற எழுத்து. 'பாமணியில் இன்னும் தரை நனையவில்லை. இப்போது வந்து எதைப் பார்க்கப் போகிறாய். பொறுத்து வா.' அந்தக் கார்டு வந்தால் நாங்கள் பொறுப்போம். அம்மா வறுத்து வைத்த முறுக்குமாவு டப்பாவில் பொறுக்கும். டாக்சி ஸ்டாண்டில் சொல்லி வைத்த வண்டியைப் போய் மாற்றிச் சொல்லிவிட்டு வருவார். அடுத்த கார்டு வரும்: 'நனைப்புத் தண்ணீர் வந்தது. நாற்றங்கால் சேறாகிவிட்டது. நீ வரலாம்.'

இப்படித் தேதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன குடும்பம் எங்கள் தெருவில் வேறு கிடையாது.

நாலரை மணிக்குக் கிளம்புவோம். டிரைவர் அண்ணன் வண்டியின் மூக்கில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். கூஜாவில் தண்ணீர், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, எனக்கும் தம்பிக்கும் வாந்தி வராமல் இருக்க மோந்து பார்க்க நாரத்தை இலை. திருவெறும்பூர் தாண்டி இருட்டில் ஆற்றங்கரை ரோட்டில் போகும்போது காற்று மாறும். கல்லணை வருவதை நான் மூக்கால்தான் தெரிந்துகொள்வேன். ஈரக் கல், பாசி, எங்கிருந்தோ மாட்டுச்சாணம்.

கல்லணையில் விடியும். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா கை நீட்டிச் சொல்வார். அதோ கொள்ளிடம், அது வெள்ளத்துக்கு. இது காவிரி, கும்பகோணத்துக்காரர்களுக்கு. இந்தப் பக்கம் புதாறு, 1934இல் மேட்டூர் அணையோடு வந்தது, ஒரத்தநாடு பட்டுக்கோட்டைக்காரர்களுக்கு. நடுவே வெண்ணாறு. "நாம வெண்ணாத்து ஆளுங்க." சாதி கேட்டால் சொல்வதுபோல, குலதெய்வம் கேட்டால் சொல்வதுபோல, அவ்வளவு உறுதியாக அதைச் சொல்வார். கரிகாலன் கட்டிய அணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் அது வீட்டு வாசல்.

அங்கிருந்து வெண்ணாற்றைப் பிடித்துக்கொண்டு போவோம். ரோடு ஆற்றை விட்டு விலகினால் அப்பா முன்சீட்டில் கழுத்தை நீட்டித் தேடுவார். தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. அங்கே வண்டி மெதுவாகும், இறங்க மாட்டோம். நம் தண்ணீரில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு தாண்டுவோம். தஞ்சாவூரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பெரிய கோவில் கோபுரம் ஒரு நிமிஷம் தெரியும், அப்பா கையெடுத்துக் கும்பிடுவார், அவ்வளவுதான். சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. நாற்றின் அந்தப் பச்சைக்கு இன்னொரு உவமை நான் இன்றுவரை கண்டதில்லை.

நீடாமங்கலம்தான் பயணத்தின் நடு. ரயில்வே கேட் போட்டிருப்பார்கள், எப்போதும் போட்டிருப்பார்கள். டிரைவர் அண்ணன் இறங்கி பீடி பற்றவைப்பார். ரயில்வேக்காரரான அப்பாதான் கேட்டில் அதிகம் தவிப்பவர். கேட் திறந்ததும் நேரே மூணாறு தலைப்பு. அங்கே வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ஷட்டர்களைத் தூக்குகிற பல்சக்கரத்தை அப்பா தடவிப் பார்ப்பார். கிரீஸ் போட்டிருக்கிறதா என்று பார்க்கிற ஃபிட்டர் கை. மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை. அவரும் அப்பாவும் பேசுவது எனக்கு வேறு பாஷை மாதிரி இருக்கும். எத்தனை அடி, எத்தனை கனஅடி, யாருடைய முறை, எந்தக் கிராமத்தார் ராத்திரி வந்து சத்தம் போட்டார்கள். வெற்றிலைக் கவுளியைக் கொடுத்துவிட்டு அப்பா ஒரே ஒன்று கேட்பார்: "பாமணிக்கு இன்னும் அரை அடி வுடக் கூடாதாண்ணே?" அவரும் சிரித்தபடி, "எங்கையிலயா இருக்கு" என்பார். அதிலிருந்து அடுத்த வருஷம்வரை அவர்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. ஆனால் அந்த மனிதர் ஓய்வு பெற்றுப் போனபோது அப்பா பொன்மலையிலிருந்து வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார்.

நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாபசிம்மன் காலத்தது. ராமேசுவரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகிற பாதைகளில் அந்த வம்சத்தார் கட்டிய சத்திரங்கள் எத்தனையோ. வழிப்போக்கர்களுக்குச் சாதி பார்க்காமல் சோறு போட்டதையும், நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்ததையும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைத் தங்கவைத்துப் பிரசவம் பார்த்து அனுப்பியதையும் 1801இல் சரபோஜி மன்னர் கும்பினியின் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. சத்திரச் சொத்துகளில் கை வைக்க வேண்டாம் என்று கேட்பதற்காக எழுதிய கடிதம் அது. இதை நான் படித்தது வெகுகாலம் கழித்து. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டின் வருமானம் இந்தச் சத்திரங்களின் செலவுக்குத்தான் போயிருக்கிறது. கடலோரத்தில் உப்பில் நின்ற மரங்கள், யாரோ பெயர் தெரியாத வழிப்போக்கனின் இலையில் சோறாக விழுந்திருக்கின்றன. அப்பாவிடம் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

மன்னார்குடிக்குப் போகும்போது ரோட்டோரம் தண்டவாளம் எடுத்த மேடு தெரியும். நீடாமங்கலம் மன்னார்குடி ரயிலை 1976இல் நிறுத்திவிட்டார்கள். அப்பா அந்த மேட்டைப் பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொள்வார். 2011இல் அந்தத் தடத்தில் மறுபடியும் ரயில் விட்ட செய்தி வந்தபோது அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல். பேப்பரை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஹரித்ராநதித் தெப்பக்குளம் பக்கத்தில் அத்தை வீடு. நாட்டு ஓடு, முற்றம், முற்றத்து மூலையில் பவழமல்லி. காப்பி என்று பெயர் சொல்லி உட்கார வைத்து இலையைப் போட்டுவிடுவாள். "காரு நிக்கிது, காரு நிக்கிதுங்கிறியே, காரா திங்கப் போவுது?" என்று அப்பாவின் வாயை அடைத்துவிட்டு, டிரைவர் அண்ணனையும் கூப்பிட்டு எங்களோடு உட்கார வைப்பாள். கிளம்பும்போது எங்கள் தூக்குவாளியில் ஏதாவது நிறைந்திருக்கும். அத்தைக்குத் திட்டம் என்று ஒன்று கிடையாது. வந்தவர் சாப்பிட வேண்டும்.

கோரையாறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருச்சிக்கு மேற்கேயும் ஒரு கோரையாறு ஓடுகிறது. முத்துப்பேட்டையில் கடலுக்குள் போகிறதும் கோரையாறு. இரண்டும் ஒன்றுதான் என்று சின்ன வயசில் உறுதியாக நம்பினேன். எங்கள் ஊர் ஆறு எங்களுக்கு முன்னாலேயே ஓடிப் போய் அப்பாயி வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்காகக் காத்திருக்கிறது என்று தம்பிக்குச் சொல்லியும் கொடுத்தேன். 1977இல் நாற்று விடும் காலத்தில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐப்பசி கடைசியில் போகலாம், நட்ட பயிரைப் பார்த்தாலும் போதும் என்று திட்டம் மாறியிருந்தது. நவம்பர் 12ஆம் தேதி புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறி, டெல்டாவை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து, திருச்சியிலும் பேய்மழை. இங்கே கோரையாறு பெருகி ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. அங்கே ஊரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தந்தி போகவில்லை. ராத்திரி முழுக்க அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் போய், "இங்க வந்த தண்ணிதானேப்பா அங்கயும் போயிருக்கும்?" என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லித் திருத்தவில்லை. என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் பெரியப்பா கார்டு வந்தது. கூரை போச்சு, மாடு இரண்டு போச்சு, ஆட்கள் இருக்கிறோம்.

மன்னார்குடியிலிருந்து தெற்கே போகப் போக மண் நிறம் மாறும், ஆறு அகலம் குறையும், தென்னை கூடும். ஊருக்குள் கார் நுழைவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் ஓடிவருவார்கள். பெரியப்பா மதகடியில்தான் நிற்பார், வீட்டில் இல்லை. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் வழக்கமெல்லாம் இல்லை. இருவரும் குனிந்து வாய்க்காலில் கை விட்டுப் பார்ப்பார்கள். கலங்கல் தண்ணீர், சருகு, நுரை. "நாம பாத்தமே, அந்தத் தண்ணி" என்று அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்வார். முக்கொம்பில் நான் எண்ணிய தண்ணீர் இதுவாக இருக்க முடியாது, அது முன்பே போயிருக்கும் அல்லது இன்னும் வராமலிருக்கும். அந்தக் கணக்கை அப்பா அறியாதவரில்லை.

மத்தியானம் முத்துப்பேட்டை. அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த பாய் ஒருவர் ஜாம்பவானோடையில் படகு வைத்திருந்தார். அப்பா அவரை மாப்ள என்பார், அவர் அப்பாவை மாமா என்பார், எங்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் மச்சான் முறை. அந்த ஊரில் இப்படித்தான். முதலில் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை வைத்து ஓதி வாங்கிக்கொள்வோம். அம்மா வேண்டிக்கொள்வது என்ன என்று யாரும் கேட்க மாட்டோம். அதற்கப்புறம் படகு.

கோரையாற்றில் போகும்போது முதலில் கரை இரண்டும் சாதாரணக் கரையாகவே இருக்கும். கருவேலமும் நாணலும். கொஞ்சம் கொஞ்சமாக அலையாத்தி நெருங்கிவரும். சேற்றிலிருந்து ஆணி அடித்துத் திருப்பிப் போட்ட மாதிரி மூச்சுவேர்கள், ஆயிரமாயிரம். தில்லை மரத்தைக் காட்டி, பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், கை வைக்காதீர்கள் என்று பாய் எச்சரிப்பார். அப்புறம் சட்டென்று மரம் விலகி, வானம் மட்டும் இருக்கும். முள்ளிப்பள்ளம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், ஆனால் ஆளை மூழ்கடிக்கிற ஆழம் இல்லை. பாய் கழியை ஊன்றினால் அடி தட்டும். பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று வெண்ணாற்றின் வாரிசுகள் ஒவ்வொன்றாக வந்து அதில் இறங்குகின்றன. அங்கே படகை நிறுத்தச் சொல்லி அப்பா ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைப்பார். ஆற்றில் தண்ணீர் வந்த வருஷம் உப்பு லேசாக இருக்கும். வராத வருஷம் கரிக்கும். துப்பமாட்டார்.

அந்தக் காடும் தண்ணீர்க் கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் பாத்தி பாத்தியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டின இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிச் சுண்டி, உப்புப் பூத்து, புல்கூட முளைக்காத பொட்டலாகிவிட்டது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். அலை ஏறவும் இறங்கவும் வழி கிடைத்தது, காடு திரும்பி வந்தது. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது வீரன்வயல் போன்ற ஊர்க்காரர்களின் பழைய தொழில். தண்ணீருக்கு வழி விட்டால் பிழைக்கலாம் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

பாய் வீட்டில் மடவை மீன் குழம்பும் நண்டும். அவர் மனைவி அம்மாவுக்கு மட்டும் தனியாக எடுத்துவைத்த இறாலை, ஆண்கள் கை கழுவப் போன நேரத்தில் இலையில் போடுவார். அந்த இறால் ஆற்று வாயில் தானாக வந்தது. பின்னால் வளர்த்த இறால் வந்தது. 1990களின் தொடக்கத்தில் கடைமடை நிலத்தில் குளம் வெட்டிக் கடல் தண்ணீர் ஏற்றினார்கள். பெரியப்பாவின் மூன்று மா நிலத்துக்குப் பக்கத்துக் கொல்லை குளமாயிற்று, இரண்டே வருஷத்தில் இவருடைய நாற்றங்காலில் உப்புக் கசிந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பெரியப்பா அதைக் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் மண் தீர்ப்பைக் கேட்டு இனிப்பாகிவிடுவதில்லை. அவர் சம்பா ஒரு போகத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கார்ப் பயணம் எப்போது நின்றது என்று யோசிக்கிறேன். ஒரு நாளில் நிற்கவில்லை. நான் கல்யாணமாகிப் போனேன், தம்பி துபாய் போனான், அத்தை இறந்தாள், பெரியப்பா இறந்தார், கார்டு வருவது நின்றது. அப்பா ஓய்வு பெற்றபிறகு தனியாக ரயிலில் போய்வந்தார். 2012இல் திருவாரூர் பட்டுக்கோட்டைத் தடத்தை அகலப்பாதை ஆக்குவதற்காக மூடிய பிறகு அதுவும் இல்லை. அதே 2012இலிருந்து 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12இல் திறக்கவில்லை. அவருடைய கடைசி வருஷங்கள் அந்த எட்டுக்குள் மாட்டிக்கொண்டன. நினைவு மங்கத் தொடங்கியபிறகும் ஜூன் வந்தால், "தொறந்துட்டாங்களா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாளைக்குத் திறக்கிறார்களாம் என்பேன். 2016 தையில் போனார்.

அவர் பார்க்காமல் போனது எனக்கு ஒரு ஆறுதல் என்று 2018இல் நினைத்தேன். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், நான் எண்ணத் தெரியாமல் எண்ணிய அந்த 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. காவிரி நிறையத் தண்ணீர் வந்த வருஷம், எல்லாம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். அப்பாவின் வழியில் தலையிலும் அடி, காலிலும் அடி, மூன்று மாதத்துக்குள். புயலுக்குப் பத்து நாள் கழித்து நான் போனேன். முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வட்டாரம் முழுக்கத் தென்னை ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தது. அலையாத்திக்காடு தீயில் வாட்டின மாதிரி பழுப்பாக நின்றது. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், மதகடியில் நின்றிருந்தார். "வாம்மா" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் ரயில் வந்தது, 2019 ஜூனில். 2020இல் ஜூன் 12 தவறாமல் மேட்டூர் திறந்தது. முக்கொம்பில் புது மதகுகள் கட்டினார்கள். காடு துளிர்த்தது. தென்னை புதிதாக வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் மகளிடம் சொல்லவில்லை. நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒவ்வொன்றாக வந்தது, அதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். 'இலை போட விடக் கூடாது' என்ற வரியை விரலால் தொட்டு, "இந்த அத்தை வீடு இப்ப இருக்காம்மா?" என்றாள். வித்தாயிற்று. அந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம், கீழே கடை. பாய் குடும்பம்? பிள்ளைகள் மலேசியாவில், ஒருவன் மட்டும் ஊரில். லஸ்கர்? அவர் பெயரே எனக்குத் தெரியாது.

அவள் மறுபடியும் கைப்பேசியை எடுத்தாள். புறப்படும் நேரத்தை நாலரை ஆக்கினாள். கல்லணையைச் சேர்த்தாள், கோடு வளைந்தது. தென்பெரம்பூரைச் சேர்த்தாள், இன்னும் வளைந்தது. நீடாமங்கலம் தலைப்பைத் தேடிக் கண்டுபிடித்தாள். மூன்றரை மணி நேரம் ஐந்தானது. "பரவால்ல" என்றாள். அப்புறம், "வேற என்னம்மா பண்ணணும்?" என்று கேட்டாள்.

ஒன்று பாக்கி இருந்தது. 2025 ஜூன் 12இல் மேட்டூர் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். கறவை மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. எல்லோரும் நலமா என்று கேட்டேன். நலம் என்றார்.

"தண்ணி வந்துடுச்சாண்ணே?"

"எங்க வந்துச்சு. மூணாறு தலைப்புல வுட்டுருக்காங்கன்னு சொல்றாங்க. நம்ம மதவுல இன்னும் தரை நனையல. இப்ப வந்து எதப் பாக்கப் போறீங்க? ஒரு பத்து நாளு பொறுத்து வாங்க. வந்தா நானே போன் போடறேன்."

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமையை அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டாள். அதற்குக் கீழே, நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, முதல் வரியைத் தட்டத் தொடங்கினாள்: கல்லணை, 5.30, இட்லி.